ஓடைப் பாலமும் நூறு ரூபாய் வெட்டும்

இந்தியாவில் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். மலேசியாவின் ஈப்போவில் எங்கள் குடும்ப வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் கொடுத்தனுப்பிய மேசைக் கடிகாரத்தை அவருடைய தம்பி ஏழுமலையிடம் சேர்க்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கம், ஏப்ரல் மாதம். சென்னையில் மூன்று நாள் உறவினர் வீடுகளில் சாப்பிட்டுவிட்டு, நான்காம் நாளான வியாழக்கிழமை காலை திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினேன். பச்சையம்மாள் கடிகாரத்தைத் துண்டில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, அதன்மேல் துணி போட்டு நான்கு பக்கமும் தைத்திருந்தார். பேட்டரியைக் கழற்றி வைக்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

செஞ்சி மலைகள் கண்ணில் பட்ட இடத்தில் அது அலற ஆரம்பித்தது. தையலைப் பிரிக்க என்னிடம் கத்தி இல்லை. மடியில் வைத்து அமுக்கினேன். சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

“இன்னா சார், பொட்டிக்குள்ள பள்ளிக்கூடம் வச்சிக்கினு வர்றியா?” என்றார் பின்சீட்டுக்காரர்.

கண்டக்டர் என் பக்கம் வந்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன்பக்கம் திரும்பினார். “அத்த நிறுத்து சார். டிரைவர் தூக்கம் கலைஞ்சிடப் போவுது.”

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவரும் சிரித்தார். அவர் சிரித்ததில்தான் எனக்கு நிம்மதி. எங்கள் ஊரில் பஸ்ஸில் ஒருவருடைய பெட்டி மணியடித்தால் மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்காததுபோல் இருப்பார்கள். இங்கே அதன் பிறகு ஐந்து பேர் என் குடும்ப விவரம் முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆறாவது ஆள் வேர்க்கடலை கொடுத்தார்.

செங்கம் சாலையில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். மாடியில் வெள்ளைக்காரர்கள், கீழே சேலத்திலிருந்து வந்த கல்யாணக் கூட்டம், நடுவில் நான். மத்தியானச் சாப்பாட்டில் ரசம் நன்றாக இருந்தது. மற்றதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் ஏழுமலையின் ஊருக்குப் போனேன். அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் அது ஒரு சிறிய ஊர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. ஊருக்கு முன்னால் ஒரு ஓடை. பஸ் ஓடையின் இந்தக் கரையோடு திரும்பிவிடும். தார்ச்சாலை மணலுக்குள் இறங்கி, அந்தப் பக்கம் மண்சாலையாக ஏறுகிறது. ஏப்ரல் மாதத்தில் ஓடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு ஆடுகள் நடுவில் படுத்திருந்தன.

இந்தக் கரையில் ஒரு டீக்கடை. கடைக்காரி பூங்காவனம், ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு கடையையும் இரண்டு பசுக்களையும் தனியாக நடத்துகிறார். ஊருக்குள் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏழுமலையின் வீடு எது என்று கேட்டேன்.

“எந்த ஏழுமல? எங்க ஊர்ல நாலு ஏழுமல இருக்காங்க.”

“மலேசியாவில் அக்கா இருக்கிற ஏழுமலை.”

“அட, நூறு ரூபா ஏழுமலையா!” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“சிங்கப்பூர்லேர்ந்து வர்றீங்களா சார்?” என்று ஒருவர் கேட்டார்.

“மலேசியா.”

“அதான், சிங்கப்பூரு.”

கடையின் மரத்தூணில் ஒரு பத்திரிகைத் துண்டு பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஒரு வரியின் கீழே கரியால் கோடு. சட்டசபையில் கிராமச் சாலைகளுக்கான மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வந்தபோது, அதில் நூறு ரூபாய் குறைக்கும்படி இந்தத் தொகுதியின் உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுத்தார் என்று இருந்தது. அவ்வளவுதான் செய்தி.

பூங்காவனம் டீயை ஆற்றிக்கொண்டே விளக்கினார். “பாலம் கட்டித் தரேன்னு ஓட்டு வாங்கிக்கினு போனாரு. அங்க போயி, ரோட்டுக்குக் குடுக்கற பணத்துல நூறு ரூபா கொறைங்கன்னு கேட்டுகிறாரு. ஏன்யா, எங்க மேல அப்படி இன்னா கோவம் அவருக்கு?”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. பெஞ்சில் இருந்தவர்கள் முறைத்தார்கள். காசு கொடுத்துவிட்டு மணலில் இறங்கி நடந்தேன்.

ஏழுமலைக்கு நாற்பத்தைந்து வயது, அக்காவின் அதே மூக்கு. கடிகாரத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அதைப் பார்த்துச் சிரித்த முகம் உடனே வாடிவிட்டது. அவர் மனைவி மல்லிகா கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போட்டார். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நான் மென்றுகொண்டிருந்ததைத் தெருவிலிருந்து நான்கு பேர் வந்து பார்த்தார்கள்.

அவர்கள் போன பிறகு ஏழுமலை விஷயத்தைச் சொன்னார். தேர்தலின்போது அந்த உறுப்பினருக்காக வீடு வீடாகப் போனவர் இவர். திரௌபதி அம்மன் சன்னதியில், பாலம் வரும் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். அம்மன் திருவிழா திங்கட்கிழமை மாலை காப்புக் கட்டுவதோடு தொடங்குகிறது. மஞ்சள் கயிற்றில் கட்டும் அந்தக் காப்பு முதலில் ஏறுவது இவர் கையில்தான். இவருக்கு முன்னால் இவர் அப்பா கையில்.

“ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டம் சார். பொய்ச் சத்தியம் பண்ணவன் கையில காப்பு ஏறக் கூடாதுன்னு பேசறாங்க. நான் பொய் சொல்லல சார். அந்தாளு பேப்பர்ல இப்படி வருவாருன்னு எனக்கு இன்னா தெரியும்?”

அவர் பொய் சொல்லவில்லை, உறுப்பினரும் ஏமாற்றவில்லை என்று சொன்னேன். பதினான்கு வருடங்களாகக் கோலாலம்பூரில் நாடாளுமன்றச் செய்தி எழுதுகிறவன் நான். இது என் தொழில். பொறுமையாக ஆரம்பித்தேன். அரசாங்கத்தை நடத்துகிறவர்கள் அமைச்சர்கள். எந்த வேலைக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்பது அவர்கள் பொறுப்பு. கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்வது சபையின் பொறுப்பு. கேட்டதைச் சபை முழுவதும் கொடுக்கலாம், குறைத்துக் கொடுக்கலாம், இல்லை என்றும் சொல்லலாம். கேட்டதற்கு மேல் ஒரு காசு கூட்டிக் கொடுக்க மட்டும் அதற்கு அதிகாரம் இல்லை. ஆகவே பாலம் வேண்டும் என்கிற உறுப்பினர், பாலத்துக்குப் பணம் சேருங்கள் என்று தீர்மானம் கொடுக்க முடியாது. நூறு ரூபாய் குறையுங்கள் என்று கொடுத்துவிட்டு, அதைச் சாக்காக வைத்துப் பாலத்தைப் பற்றிப் பேசலாம். அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும்.

ஏழுமலை தலையாட்டினார். புரிந்ததற்கான தலையாட்டல் அல்ல, விருந்தாளிக்கான தலையாட்டல்.

மல்லிகா உள்ளேயிருந்து கேட்டார்: “கூடக் குடுன்னு கேக்க வாயில்ல, கொறைன்னு சொல்ல மட்டும் வாயிருக்குதா? இது இன்னா சட்டம்ங்க?”

பதினான்கு வருட அனுபவத்தோடு அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை விடுதியில் இட்லி சாப்பிடும்போது, அதே மேசையில் ஆசிரமத்துக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். மல்லிகாவின் கேள்வியை அவரிடம் வைத்தேன். அவர் சட்னியை ஒதுக்கிவிட்டு, குற்றவாளி தங்கள் நாடுதான் என்றார். “ராஜா பணம் கேட்பார், மக்கள் சபை கொடுக்கும். ராஜா கேட்காததை யாரும் கொடுக்கக் கூடாது, அன்பளிப்பாகக்கூட. இல்லையென்றால் ஒவ்வொரு உறுப்பினரும் தன் ஊருக்கு ஒரு பாலம் கேட்பார். ராஜா போன இடத்தில் அமைச்சர்கள் உட்கார்ந்தார்கள், வழக்கம் அப்படியே தங்கிவிட்டது.” இந்த இட்லியை எப்படிச் சாப்பிடுவது என்று அடுத்துக் கேட்டார். அதைச் சொல்லிக் கொடுத்ததுதான் அவருக்கு நான் செய்த பதில் உதவி.

பத்து மணிக்கு ஏழுமலை வந்து சேர்ந்தார். இருவரும் முதலில் உறுப்பினரின் வீட்டுக்குப் போனோம். அவர் சென்னையில் இருந்தார், மறுநாள் காலை வருவார் என்றார்கள். ஊர்க்கூட்டத்துக்கு அவர் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனோம். அது என் யோசனை. ஒரு பத்திரிகை ஒரு வரி போட்டால் இன்னொன்று நான்கு வரி போட்டிருக்கும்; அந்த நான்கில் பாலம் இருந்தால் பூங்காவனத்தின் தூணில் ஒட்டிவிடலாம்.

நூலகர் பழைய பத்திரிகைகளை மாதவாரியாகச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். கட்டைப் பிரித்தால் திரும்பக் கட்டித் தர வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றாவது கட்டில் கிடைத்தது. உறுப்பினர் தம் தொகுதியில் ஓடைப் பாலம் இல்லாததால் மழைக்காலத்தில் ஊர்கள் துண்டிக்கப்படுவதைச் சுட்டிக்காட்டினார் என்று தெளிவாக இருந்தது. ஏழுமலை விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது. கடைசி வரிக்கு வந்தார். அமைச்சரின் பதிலுக்குப் பின் வெட்டுத் தீர்மானங்கள் திரும்பப் பெறப்பட்டன.

“திரும்ப வாங்கிக்கினாரா?” என்றார். குரல் உயர்ந்ததில் நூலகர் நிமிர்ந்து பார்த்தார். “அப்போ கேட்டதையும் வேணான்னுட்டாரா? சார், இத்த அந்தப் பொம்பள தூண்ல ஒட்டனா நான் ஊரையே காலி பண்ணணும் சார்.”

பத்திரிகைக் கட்டைத் திரும்பக் கட்டினேன். அதே வாக்கியத்தை நான் நூற்றுக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன். நேரமாகிவிட்டது, இடம் இல்லை, பதிலுக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது, முற்றுப்புள்ளி. அதை யாராவது விரல் வைத்துப் படிப்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

மத்தியானம் பெரிய தெருவில் சாப்பிட்டோம். ஏழுமலை இலையில் பாதியை வைத்துவிட்டார். பரிமாறியவர் அதை உணவகத்துக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு எங்களோடு கடைசி வரை பேசவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அம்மன் கோயில் முன் திருவிழாவுக்குப் போட்டிருந்த ஓலைப் பந்தலில் ஊர் கூடியது. கூட்டத்தை நடத்துகிறவரைப் பெரியதனக்காரர் என்கிறார்கள். குப்புசாமி என்று பெயர், பேசுவது குறைவு. ஒருபக்கம் திருவிழாவுக்கான தலைக்கட்டு வரி வசூலும் நடந்தது, வீட்டுக்கு இருபது ரூபாய்.

உறுப்பினர் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தார். சாலை முடிந்த இடத்தில் இறங்கி, மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். எதிர்க்கட்சிக்காரர், மெலிந்த மனிதர், புழுதி படிந்த வெள்ளைச் சட்டை. “மாண்புமிகு பேரவைத் தலைவர் அனுமதித்த நேரத்தில்...” என்று ஆரம்பித்தார்.

“அந்த நூறு ரூபா எங்கய்யா? எடுத்துக்கினு வந்தீங்களா?” என்றது ஒரு குரல்.

அதற்குப் பிறகு அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. என்னைக் கைகாட்டினார்கள். நான் எழுந்து, எங்கள் நாட்டிலும் இதே வழக்கம்தான், அங்கே ஓர் உறுப்பினருக்கு அமைச்சரிடம் குறை சொல்ல வேண்டுமானால் அமைச்சரின் சம்பளத்தில் பத்து ரிங்கிட் குறைக்கும்படி கேட்பார் என்றேன்.

“சம்பளத்தக் கொறச்சிருவாங்களா?” என்று ஒருவர் ஆவலோடு கேட்டார்.

“இதுவரை குறைத்ததில்லை.”

“பாத்தியா, சிங்கப்பூர்லயும் இப்டித்தான் ஏமாத்தறானுங்க.”

உட்கார்ந்துவிட்டேன். குப்புசாமி கையை உயர்த்தினார். “மொதல்ல வரிய முடிங்க. அப்புறம் ஏழுமல சங்கதி.”

வரியில் மீதி இருந்தது பூங்காவனத்தின் வீடு ஒன்றுதான். அவர் முன்னால் வந்து தட்டில் பணத்தை வைத்தார். எண்ணியவர், “பத்தொம்பதுதான் இருக்குது” என்றார்.

“ஒண்ண நிறுத்தி வச்சிருக்கேன்,” என்றார் பூங்காவனம்.

அதுவரை பேசிக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அவர் பக்கம் திரும்பியது. எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் சொன்னார். திருவிழாவில் எதற்கு எவ்வளவு என்று முடிவு செய்வது பெரியதனக்காரர். அதைக் கூட்டச் சொல்லி யாரும் கேட்க முடியாது. மனக்குறை உள்ளவர் தன் வரியில் ஒரு ரூபாயை நிறுத்தி வைப்பார். அவர் குறையைக் கேட்டுப் பதில் சொல்லாமல் வசூலை முடிக்கக் கூடாது, வசூல் முடியாமல் காப்புக் கட்டக் கூடாது. பல தலைமுறையாக இதுதான் வழக்கமாம். நான் பேனாவைத் திறந்தேன்.

“இன்னா கொறை, சொல்லு,” என்றார் குப்புசாமி.

“போன வருசம் கூத்துக்கு ஸ்பீக்கர ஓடைப் பக்கம் என் கடைய பாத்துக் கட்டனீங்க. ஏழு நாளு எவன் டீ கேட்டான், எவன் பன்னு கேட்டான்னு எனக்குக் காதுலயே வுழல. டீ கேட்டவனுக்கு பன்னக் குடுத்தேன். பாஞ்சாலி அழுவறது மட்டும் நல்லாக் கேட்டுது.”

பந்தல் சிரித்தது. குப்புசாமி சிரிக்கவில்லை. ஸ்பீக்கரை இந்த வருடம் ஏரிப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்று முடிவாயிற்று. பூங்காவனம் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாயைத் தட்டில் போட்டார். வசூல் முடிந்தது.

அப்போதுதான் ஏழுமலை எழுந்தார்.

“பூங்காவனத்தக்கா, இப்போ நீ அம்மனுக்கு ஒரு ரூபா கொறச்சிட்டியா?”

“நான் ஏன் கொறைக்கப் போறேன்? என் பேச்சக் கேக்கறதுக்கோசரம் நிறுத்தி வச்சேன்.”

“பேசி முடிச்சதும்?”

“குடுத்துட்டேனே. உன் கண்ணு எங்க இருந்துது?”

“அத்தத்தான் இவரு அங்க பண்ணாரு. நூறு ரூபாய நிறுத்தி வச்சாரு. நம்ம ஓடையப் பத்திப் பேசனாரு. பேசி முடிச்சதும் வுட்டுட்டாரு. இதுல நான் இன்னா பொய்ச் சத்தியம் பண்ணேன்?”

ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் இரண்டு நாளாகச் சொல்லி முடிக்காததை அவர் இரண்டு கேள்வியில் முடித்துவிட்டார். உறுப்பினர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பூங்காவனம் அவரை விடுவதாக இல்லை. “நில்லுங்க. எனக்கு ஸ்பீக்கரத் திருப்பறோம்னு பதில் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் ரூபாயப் போட்டேன். உங்களுக்கு அங்க இன்னா பதில் சொன்னாங்க, நீங்க வுட்டுட்டு வர்றதுக்கு?”

இது என் தொழிலில் எல்லோரும் கேட்க மறக்கிற கேள்வி. உறுப்பினர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார்.

“மதிப்பீடு வந்ததும் பரிசீலிக்கப்படும்னு அமைச்சர் சொன்னாருங்க.”

“மதிப்பீட யாரு அனுப்பணும்?”

“ஒன்றியப் பொறியாளர்.”

“அனுப்பிட்டாரா?”

“இல்லீங்க. ஒரு கோடையில வந்து பாத்தாரு. ஓடையில தண்ணியே இல்லியேன்னு போயிட்டாரு.”

இந்தமுறை எழுந்த சத்தத்தில் கோயில் புறாக்கள் பறந்தன. உறுப்பினர் இரண்டு கையையும் தூக்கினார். “நான் சொல்றதக் கேளுங்க. சபையில அமைச்சரை எழுப்பிப் பதில் சொல்ல வைக்கலாம், அது என் வேலை, செஞ்சேன். அவங்க பணம் கேட்டா குடுக்க வேண்டாம்னும் சொல்லலாம். ஆனா போய் ஓடைய அளந்துக்கினு வாங்கன்னு ஒரு அதிகாரிக்கு உத்தரவு போட எனக்கு உரிமை கிடையாது. அது அவங்க பக்கம்.”

“உத்தரவு போட வேணாம். கூட வந்து நில்லுங்க,” என்றார் ஏழுமலை.

குப்புசாமி தீர்ப்புச் சொன்னார். “கற்பூரத்துல தேதி எழுதல. ஆனா சத்தியம் வச்ச எடத்துலயே குந்திக்கினு இருக்கக் கூடாது, நடக்கணும். நாளைக்கு சாயங்காலம் காப்பு. அதுக்குள்ள இன்ஜினியரு வந்து அளந்தா மொதக் காப்பு ஏழுமலைக்கு. இல்லன்னா வேற கை.”

திங்கள் காலை பத்து மணிக்கு ஒன்றிய அலுவலகத்தில் இருந்தோம். உறுப்பினர், ஏழுமலை, நான். பொறியாளர் ஒரு கூட்டத்தில் இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தோம். உறுப்பினருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்தார்கள். அவர் பெஞ்சே போதும் என்றார். மக்கள் பிரதிநிதியோடு பெஞ்சில் உட்கார்ந்து போண்டா தின்றது எனக்கு முதல் அனுபவம். கோலாலம்பூரில் அவர்களை மாடத்திலிருந்து பார்த்துத்தான் பழக்கம். போண்டா சூடாக இருந்தது, உள்ளே மிளகும் தேங்காய்த் துண்டும். ஏழுமலை தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறியாளர் மூன்று மணிக்கு வெளியே வந்தார். இளைஞர், மரியாதையானவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஏப்ரல்ல பாலம் கேக்கறவங்கள நான் பாத்ததே இல்லீங்க,” என்றார். கையில் வேறு வேலை இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்றார்.

“அடுத்த வாரம்னா வேற கை சார்,” என்றார் ஏழுமலை.

பொறியாளருக்கு விளங்கவில்லை. உறுப்பினர் விளக்கினார், காப்பு, கற்பூரம், நூறு ரூபாய் எல்லாவற்றையும். சட்டசபையில் அவர் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. அந்த வராந்தாவில் நன்றாகப் பேசினார். பொறியாளர் கேட்டு முடித்துவிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

நான்கரை மணிக்கு ஓடையை அடைந்தோம். அந்தக் கரையில் மேளக்காரர்களும் பூசாரியும் தயாராக நின்றார்கள். இந்தக் கரையில் பூங்காவனத்தின் பெஞ்சு நிரம்பி வழிந்தது. டிரைவர் மணலைப் பார்த்தார். “தண்ணியே இல்லியே சார், எறக்கிடலாம்,” என்று இறக்கினார்.

நடு ஓடையில் ஜீப் நின்றது. டிரைவர் இன்ஜினை முடுக்கினார். பின்சக்கரங்கள் சுழன்று அச்சு வரை புதைந்தன. எல்லோரும் இறங்கினோம். இரண்டு கரையிலிருந்தும் முப்பது பேர் வந்து சுற்றி நின்றார்கள், கையைக் கட்டிக்கொண்டு.

“ஒரு கை குடுங்கய்யா,” என்றார் டிரைவர்.

“தள்றோம், தள்றோம்,” என்றார் குப்புசாமி. “இன்னா அவசரம்? சாரு அதுக்குள்ள அளந்து முடிச்சிரட்டும்.”

பொறியாளர் ஜீப்பைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், முப்பது பேரின் கட்டிய கைகளைப் பார்த்தார். சிரித்துவிட்டுப் பையிலிருந்து நாடாவை எடுத்தார். கரையோரம் ஒரு கருவேல மரத்தின் கிளையில், அவர் தோள் உயரத்தில், வைக்கோலும் சருகும் சுற்றிக் காய்ந்துபோயிருந்தன.

“இத யாரு இங்க கட்டினது?”

“ஓடைதான் சார். ஐப்பசில.”

அவர் அதை இழுத்துப் பார்த்தார். நோட்டில் முதலில் எழுதியது அந்த உயரத்தைத்தான்.

அந்தக் கரையில் நாடாவின் முனையைப் பிடிக்க ஏழுமலை ஓடினார். நாடா ஜீப்பின் முன்மூடிக்கு மேலாகப் போயிற்று. உறுப்பினர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றார். “அளவுல நான் தலையிட மாட்டேன்,” என்றார் என்னிடம், மிகுந்த திருப்தியோடு.

பூசாரி பொறுமை இழந்துவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. குப்புசாமி கண்ணைக் காட்டினார். மேளம் முழங்க, பூசாரி மஞ்சள் கயிற்றோடு ஓடைக்குள்ளேயே இறங்கி வந்தார்.

“கைய நீட்டு ஏழுமல.”

“நாடா இருக்குது சாமி.”

“எடது கைக்கு மாத்து.”

“ஆட்டாதீங்க! அளவு தப்பாப் போவுது!” என்று இந்தக் கரையிலிருந்து பொறியாளர் கத்தினார்.

ஏழுமலை மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலைபோல நின்றார். இடது கை நாடாவைக் கரைமேட்டில் அழுத்தியிருந்தது. வலது மணிக்கட்டில் பூசாரி முடிச்சுப் போட்டார், ஒன்று, இரண்டு, மூன்று. பெண்கள் குலவையிட்டார்கள். ஏழுமலையின் கண்கள் நிறைந்துவிட்டன. துடைக்க அவருக்குக் கை இல்லை. மல்லிகா முந்தானையால் துடைத்துவிட்டார்.

“முப்பத்தெட்டு அடி,” என்று பொறியாளர் சத்தமாகச் சொல்லி எழுதினார்.

டீத் தட்டோடு அவர் தோளருகே நின்ற பூங்காவனம் நோட்டை எட்டிப் பார்த்தார். “ரெண்டு அடி ஜாஸ்தியாவே போட்டுக்குங்க சார். மேல போனா எப்படியும் வெட்டுவாங்க.”

பொறியாளர் அவரைப் பார்த்தார். ஒரு டீயை எடுத்துக்கொண்டார். எழுதியதை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினார்.

அதன் பிறகுதான் ஜீப்பைத் தள்ளினார்கள்.